கண்டவரும் சொன்னவரும்: வெள்ளாங்குளக் கரையிலிருந்து ஒரு வானியல் வரலாறு

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிப் போகும் ஏ-32 வீதியில், மாவட்டத்தின் வட எல்லையை நெருங்கும் இடத்தில் வெள்ளாங்குளம் இருக்கிறது. வீதியை விட்டு மேற்கே இறங்கினால் தேவன்பிட்டிக் கரை. அதற்கப்பால் பாக்கு நீரிணைக் கடல்தான். மேற்கு அடிவானத்தை மறைக்க மலையுமில்லை, மாடிவீடுமில்லை. தலைப்பிறை பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது.

எங்கள் வாப்பா அந்தக் கரைகளில் கருவாடு வாங்கி விற்றவர். பருவ காலத்தில் மீனவர் வாடிகளிலேயே படுத்து எழும்புவார். அவர் அடிக்கடி சொன்ன கதை ஒன்றுண்டு. "சுபஹுக்கு வுழூச் செய்ய எழும்பினன். கிழக்கால, பனங்காட்டுக்கு மேல, வெள்ளைத் துணிய நீட்டிப் பிடிச்ச மாதிரி ஒரு வால்வெள்ளி. தலையக் காணல்ல, வால் மட்டும்தான். வாடியில கிடந்த எல்லாரையும் தட்டி எழுப்பிக் காட்டினன்."

எந்த வருசம் வாப்பா என்று கேட்டால், "புயலடிச்சதுக்கு அடுத்த மாரி தொடங்கின நேரம்" என்பார். மன்னார்க் கரையில் புயல் என்று சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாரையும் உலுக்கிய புயல்தான் அது. ஆகவே வாப்பா சொன்ன காலம் 1965இன் பிற்பகுதி. அந்த ஒக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் விடியலுக்கு முந்திய கிழக்கு வானில் நீண்ட வாலோடு தெரிந்தது இக்கேயா-செக்கி வால்வெள்ளி.

அந்த வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்த இருவரும் ஜப்பானியர். கவோரு இக்கேயா பியானோத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளைஞர். தன் கையாலேயே தொலைகாட்டி செய்து, 1963இல், 19 வயதில் முதலாவது வால்வெள்ளியைக் கண்டவர். 1965 செப்டெம்பர் 18 விடியற்காலையில் அவர் இந்தப் புதிய வால்வெள்ளியைக் கண்டார். ஏறத்தாழ கால் மணித்தியாலம் கழித்து, வேறோர் ஊரில் இருந்த சுத்தோமு செக்கியும் அதைக் கண்டார். இருவரும் தனித்தனியே அறிவித்தனர். ஒக்டோபர் 21ஆம் திகதி அது சூரியனின் மேற்பரப்பிலிருந்து சுமார் 4,50,000 கிலோமீட்டர் தூரத்தில் சுற்றிக்கொண்டு போனது. பகல் வெளிச்சத்திலேயே, சூரியனைக் கையால் மறைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியுமளவுக்குப் பிரகாசித்தது.

வாப்பா கண்டதற்கும் அவர்கள் கண்டதற்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? வாப்பா கண்டபோது அது உலகறிந்த செய்தியாகிவிட்டது உண்மைதான். ஆனால் முதலாவதாகக் கண்டிருந்தாலும் அவர் பெயர் எங்கும் ஏறியிருக்காது. நாள், நேரம், திசை எதையும் அவர் குறிக்கவில்லை. யாரிடம் சொல்வது என்றும் அவருக்குத் தெரியாது. வானியல் வரலாற்றைப் புரட்டினால், கண்டவர்களில் யாருடைய சொல் நிலைத்தது என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

குறைபிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஓர் அறிவிப்பை நாம் பெரும்பாலும் பிறைச் சர்ச்சை எழும்போதுதான் எடுக்கிறோம். உம்முல் ஃபழ்ல் (ரழி) அவர்கள் குறைப் என்பவரை ஓர் அலுவலாக ஷாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ரமழான் பிறை தென்படுகிறது. மாத இறுதியில் அவர் மதீனா திரும்பியபோது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் பிறையைப் பற்றி விசாரிக்கிறார்கள். எப்போது கண்டீர்கள்? வெள்ளிக்கிழமை இரவு. நீரே கண்டீரா? ஆம், மக்களும் கண்டார்கள், நோன்பும் பிடித்தார்கள். மதீனாவில் பிறை கண்டதோ சனிக்கிழமை இரவு.

ஓர் ஊர்ப் பிறை இன்னோர் ஊருக்குச் செல்லுமா என்ற பிக்ஹுச் சட்டப் பிரச்சினையை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நான் கவனிப்பது கேள்விகளின் ஒழுங்கை. எங்கே, எப்போது, நேரில் கண்டவர் யார், வேறு யாராவது கண்டார்களா? இன்றைய வானியல் ஆய்வகம் ஒன்றுக்குப் புதிய வால்வெள்ளி பற்றி ஒருவர் அறிவித்தால், அங்கிருந்து வரும் கேள்விகளும் இவையேதான். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய ஒரு சமூகத்துக்கு, வானத்துச் செய்தியையும் அப்படி ஆராய்வது கடினமாக இருந்திருக்க முடியாது. அந்த அறிவு செழித்திருந்த காலத்தில் அது கடினமாக இருக்கவுமில்லை.

18 வயது இளைஞர் எழுதிய குறிப்பு

ஹிஜ்ரி 396, கி.பி. 1006. ஏப்ரல் இறுதி நாட்களில் தெற்கு வானில் ஒரு புதிய விண்மீன் எரிந்தது. மனித வரலாற்றில் பதிவான விண்மீன்களில் அதுவே மிகப் பிரகாசமானது என்று இன்று கொள்ளப்படுகிறது. சீனாவிலும் ஜப்பானிலும், பக்தாதிலும், ஆல்ப்ஸ் மலையின் ஒரு மடாலயத்திலும் அதைப் பற்றி எழுதி வைத்தார்கள். ஆனால் மிகத் துல்லியமான வருணனைகளில் ஒன்று எகிப்திலிருந்து கிடைத்தது. எழுதியவர் அலி இப்னு ரிழ்வான். பிற்காலத்தில் கெய்ரோவின் தலைமை மருத்துவராக உயர்ந்தவர். விண்மீனைக் கண்டபோது அவருக்கு வயது 18 அளவில்தான்.

தொலமியின் நூல் ஒன்றுக்கு எழுதிய விளக்கவுரையின் நடுவில், தம் இளமைக் காலக் காட்சியாக அவர் இதைச் சொல்கிறார். விருச்சிக இராசியின் 15ஆம் பாகையில், சூரியனுக்கு நேர் எதிரே அது தோன்றியது. வெள்ளிக் கிரகத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தது. ஒளி, நிலவொளியின் காற்பங்கைவிடச் சற்று அதிகம். அத்தோடு நிற்காமல், அன்றைய தினம் சூரியனும் சந்திரனும் மற்றக் கிரகங்களும் எந்தெந்தப் பாகையில் நின்றன என்றும் எழுதி வைத்தார். அந்தப் பட்டியல்தான் அவருடைய கடிகாரமும் நாட்காட்டியும். ஓர் ஆயிரம் வருடம் கழித்து வருபவரும் கிரகங்களின் நிலையைக் கணக்கிட்டு, அந்த நாளைக் கண்டுகொள்ளலாம்.

அப்படித்தான் நடந்தது. வாப்பா வால்வெள்ளி கண்ட அதே 1965இல், பெர்னாட் கோல்ட்ஸ்ரைன் என்ற வரலாற்றாய்வாளர் இப்னு ரிழ்வானின் குறிப்பையும் மற்றைய அரபுப் பதிவுகளையும் எடுத்து, 1006இன் விண்மீன் ஒரு மீயொளிர் விண்மீன் வெடிப்பு என்று வாதிட்டார். அதே வருடம் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைகாட்டியைப் பயன்படுத்திய இரு ஆய்வாளர்கள், அந்த வெடிப்பில் எஞ்சிய வளையம் இதுதான் என்று வானத்தில் ஓரிடத்தைச் சுட்டினார்கள்.

கெய்ரோவின் அடிவானத்திலிருந்து அந்த விண்மீன் 22 பாகையளவுதான் உயர்ந்திருக்கும். வெள்ளாங்குளமோ 9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இங்கே அது ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்தில், 43 பாகையளவில் நின்றிருக்கும். அப்போது வட இலங்கை சோழர் ஆட்சியில் இருந்தது. நமது கரையின் மாந்தைத் துறைமுகத்தில் அரபு, பாரசீக, சீனச் சரக்குகள் இறங்கிய காலமும் அதுவே. அந்த இரவுகளில் மாந்தையில் நங்கூரம் போட்டுக் கிடந்த கப்பல்களின் தளத்தில் படுத்திருந்தவர்கள் வானத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? பார்த்தவர்கள் பலர். கிரகங்களின் பாகையோடு எழுதி வைத்தவர் ஃபுஸ்தாத்தில் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர்.

சிறு மேகமும் முடிச்சுக் கயிறும்

இப்னு ரிழ்வானுக்கு முன்பே இந்த ஒழுங்கைக் கற்றுத் தந்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபீ. இஸ்பஹானில் புவைஹி அமீரின் ஆதரவில் இருந்த இவர், 964ஆம் ஆண்டளவில் நிலைத்த விண்மீன்களின் உருவங்கள் பற்றிய தமது நூலை எழுதினார். தொலமியின் பட்டியலை அப்படியே பிரதி பண்ணாமல், விண்மீன்களை மீண்டும் தம் கண்ணால் பார்த்து, நிறத்தையும் ஒளியையும் திருத்தினார். அந்நூலில் ஒரு மீன் உருவத்தின் வாயருகே 'ஒரு சிறு மேகம்' இருப்பதாகக் குறித்தார். அந்த மேகம் 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள அந்திரொமேடா விண்மீன் மண்டலம். ஐரோப்பாவில் தொலைகாட்டி மூலம் அதைப் பார்த்து சைமன் மாரியஸ் எழுதியது 1612இல். இடையில் 600 வருடங்களுக்கு மேல் போய்விட்டன.

இதே காலத்தில் கடலோடிகளின் அறிவும் வளர்ந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித், இந்தியப் பெருங்கடலின் பாதைகளை விண்மீன் உயரங்களைக் கொண்டு எழுதி வைத்தார். அந்த உயரத்தை அளக்க உதவியது கமால் என்ற சிறு பலகை. நடுவில் துளையிட்டுக் கயிறு கோர்த்து, கயிற்றில் முடிச்சுகள் போட்டிருப்பார்கள். முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ வெள்ளியிலும் பொருத்தினால், எந்தத் துறைமுகத்தின் நேர்கோட்டில் கப்பல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். சோழமண்டலக் கரை மாலுமிகளும் இதே உபாயத்தைக் கையாண்டதை, 1850இல் சென்னைச் சஞ்சிகை ஒன்றில் கொங்ரீவ் என்ற ஆங்கில அதிகாரி விவரித்தார்.

வெள்ளாங்குளத்தில் நின்று பார்த்தால் துருவ வெள்ளி வடக்கே 9 பாகை உயரத்தில், அதாவது நீட்டிய கையின் ஒரு முட்டி அளவில், மங்கலாகத் தெரியும். தெற்கே ஸுஹைல், நாம் அகத்தியம் என்று சொல்லும் வெள்ளி, 28 பாகை வரை எழும். வட துருவத்தையும் தென் வானத்தின் பெரும் பகுதியையும் ஒரே இரவில் பார்க்கக்கூடிய கரை இது. அந்த வானத்தை நம் தண்டையல்மார் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய அறிவு கயிற்று முடிச்சிலும் வாய்ச்சொல்லிலும் இருந்தது. கயிறு அறுந்தபோது முடிச்சும் போய்விட்டது.

ஒரே வால்வெள்ளி, இரண்டு ஆய்வகங்கள்

ஹிஜ்ரி 985 ரமழான் தொடக்கம், கி.பி. 1577 நவம்பர். மேற்கு வானில் ஒரு பெரிய வால்வெள்ளி. அப்போது இஸ்தான்பூலின் தோப்ஹானையில் சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் ஒரு புதிய ஆய்வகம் எழும்பியிருந்தது. அதன் தலைவர் தகிய்யுத்தீன். கடிகாரம் செய்வதிலும் கருவி அமைப்பதிலும் அவருக்கு இணையானவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. அவர் அந்த வால்வெள்ளியை அவதானித்தார். ஆனால் அரண்மனை அவரிடம் எதிர்பார்த்தது வேறு. இது எதைக் குறிக்கிறது? பாரசீகப் போரில் வெற்றி யாருக்கு? நல்ல சகுனம் என்றே அவர் பதில் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அதே மாதத்தில் டென்மார்க்கின் ஹ்வென் தீவில் தைக்கோ பிராஹேயும் அதே வால்வெள்ளியை இரவுக்கிரவு அளந்தார். அவரிடம் தொலைகாட்டி இல்லை. அது கண்டுபிடிக்கப்பட இன்னும் 30 வருடமளவு இருந்தது. அவர் கேட்டுக்கொண்ட கேள்வி, இது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. பூமியின் சுழற்சியால் பார்வைக் கோணம் மாறும்போது சந்திரன் எவ்வளவு இடம் பெயர்ந்து தெரிகிறதோ, வால்வெள்ளி அதைவிட மிகக் குறைவாகவே பெயர்ந்தது. ஆகவே அது சந்திரனுக்கும் அப்பால் இருந்தாக வேண்டும். வால்வெள்ளி என்பது காற்றுமண்டலத்தில் எரியும் ஆவி என்ற அரிஸ்டோட்டில் காலத்துக் கருத்து அந்த அளவையால் ஆட்டம் கண்டது.

இஸ்தான்பூலில் அடுத்து வந்த காலம் நல்லதாக அமையவில்லை. கொள்ளைநோய் பரவியது. அரசவைப் போட்டிகளும் சேர்ந்துகொண்டன. 1580 ஜனவரி 22ஆம் திகதி ஆய்வகம் இடிக்கப்பட்டது. தகிய்யுத்தீனின் கருவிகள் தைக்கோவின் கருவிகளுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி தவறானது, அந்தத் தவறான கேள்விக்கு அவர் பதிலும் சொன்னார்.

நமக்கு இதில் வெட்கப்படவும் உண்டு, நினைவுபடுத்திக்கொள்ளவும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் பிடித்தது. வானியலாளர்களின் கணக்கில் அது 632 ஜனவரி 27. அந்தப் பிள்ளையின் மௌத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துயரத்தில் இருந்த ஒரு தகப்பன் அதைக் கேட்டுவிட்டு மௌனமாக இருந்திருக்கலாம். நபியவர்கள் மௌனமாக இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். இந்தத் திருத்தத்தை இஸ்தான்பூல் அரண்மனை மறந்திருந்தது. நம் ஊர்களில் வால்வெள்ளியைக் கண்டு பஞ்சம், கொள்ளைநோய் என்று பயந்தவர்களும் மறந்திருந்தார்கள்.

சென்னைக்கு வந்த ஒரு தந்தி

19ஆம் நூற்றாண்டில் வானத்துச் செய்தி தந்திக் கம்பியில் ஏறியது. நமக்கு மிக அருகில் இயங்கிய பெரிய ஆய்வகம் சென்னையில் இருந்தது. 1861இல் அங்கே பொறுப்பேற்ற நோர்மன் பொக்சன், அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வந்தது. அவருடைய உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாசாரி, 1867 ஜனவரியில் தென் வானத்து விண்மீன் ஒன்றின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். அது இன்று ஆர் ரெற்றிக்கியூலி எனப்படுகிறது. 1872இல் இலண்டன் அரச வானியல் சங்கத்தின் உறுப்பினரான முதல் இந்தியரும் அவரே. 1874இல் சூரியனை வெள்ளி கடந்தபோது, ஆங்கிலம் தெரியாதவர்களும் விளங்கிக்கொள்ள உருது உட்பட நாட்டு மொழிகளில் ஒரு சிறு நூலை வெளியிட்டார்.

இடையே 1871 டிசம்பர் 12ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்தது. பிரித்தானிய ஆய்வுக் குழுவினர் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் முகாமிட்டு, ஒளியுறையைப் படமெடுத்தார்கள், நிறமாலையைப் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் நடந்தது சுவையான கதை. பியேலா என்ற வால்வெள்ளி 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பிறகு காணாமல் போயிருந்தது. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிவெள்ளிகள் மழைபோலப் பொழிந்தன. தொலைந்த வால்வெள்ளியின் பாதையைப் பூமி கடந்திருக்கிறது என்று ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்த கிளிங்கர்பூஸ் ஊகித்தார். அப்படியென்றால் வால்வெள்ளி இப்போது தெற்கு வானில் இருக்க வேண்டும். அங்கிருந்து அது தெரியாது. உடனே சென்னைக்குத் தந்தியடித்தார்: பியேலா 27ஆம் திகதி பூமியைத் தொட்டுவிட்டது, சென்ரோரஸில் இன்ன விண்மீன் அருகே தேடும்.

பொக்சன் தேடினார். மேகம் விலகிய டிசம்பர் 2, 3 ஆகிய இரு விடியல்களிலும், சொன்ன இடத்தருகே ஒரு வால்வெள்ளியைக் கண்டு இடத்தை அளந்தார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. ஒரு வால்வெள்ளியின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று அவதானம் வேண்டும். அவரிடம் இருந்தவை இரண்டே. பின்னர் கணக்கிட்டவர்கள், அவர் கண்டது பியேலாவாக இருக்க முடியாது, தற்செயலாக அங்கே இருந்த வேறொன்று என்று முடிவு செய்தார்கள்.

பொக்சன் செய்தது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. தேடச் சொன்னது கிடைத்துவிட்டது என்று பெருமையடித்து, மூன்றாவது இரவையும் இட்டுக்கட்டி நிரப்பியிருக்கலாம். அவர் கண்ட இரண்டையே கண்டதாக எழுதினார். அதனால்தான் 150 வருடம் கழித்தும் அந்த இரு வரிகளை நம்பி ஆராய முடிகிறது. பிறை விடயத்தில் சாட்சியின் நேர்மையை ஏன் அவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஹைதராபாத்திலிருந்து போன பிள்ளை

இந்தியாவில் முஸ்லிம் பிரபு ஒருவர் தொடங்கிய ஆய்வகத்தின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். நவாப் ஸபர் ஜங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் அமைத்த ஆய்வகம், பின்னர் நிஸாம் அரசிடம் சேர்ந்து நிஸாமிய்யா ஆய்வகமாயிற்று. உலக நாடுகள் வானத்தைப் பங்கு போட்டுப் படமெடுத்த பெருந்திட்டத்தில் அதற்கும் ஒரு பங்கு கிடைத்தது. அங்கே வேலை செய்த ஒருவரின் மகன்தான் வைணு பாப்பு. ஹைதராபாத் அரசின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் ஹார்வார்டுக்குப் படிக்கப் போனவர். 1949 ஜூலை 2ஆம் திகதி எடுத்த ஒரு வானப் படத்தில், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மங்கலான புள்ளியைக் கண்டார். ஆசிரியர் பார்ட் பொக்கும் சக மாணவர் நியூகேர்க்கும் சேர்ந்து உறுதிப்படுத்தினர். மூவர் பெயரும் சேர்ந்து பாப்பு-பொக்-நியூகேர்க் என்று அந்த வால்வெள்ளிக்குப் பெயரானது.

இன்று அறிவிப்பது எப்படி

1880களில் ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு மத்திய தந்தி நிலையம் அமைந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் அது கொப்பன்ஹேகனுக்கும், 1965இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜுக்கும் மாறியது. தந்தி மறைந்து மின்னஞ்சல் வந்த பிறகும் 'தந்தி நிலையம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்கே அறிவிப்பவர் சொல்ல வேண்டியவை: சர்வதேச நேரத்தில் நாளும் நேரமும், வானத்தில் இடம், ஒளியளவு, அசைவின் திசையும் வேகமும், கருவி, நின்ற ஊர். அறிவிப்பதற்கு முன் அது ஏற்கெனவே அறியப்பட்ட பொருளா என்றும் பார்த்தாக வேண்டும். வால்வெள்ளி போலத் தோன்றி ஏமாற்றும் மங்கலான மேகங்களை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் சார்ள்ஸ் மெஸ்ஸியே பட்டியலிட்டு வைத்தது இதற்காகத்தான்.

இரண்டாவது சாட்சி ஏன் தேவை என்பதற்கு அண்மைக் கால உதாரணம் ஒன்று. 2024 ஒக்டோபரில் மஃரிபுக்குப் பின் மேற்கு வானில் தெரிந்த வால்வெள்ளியை, சீனாவின் ஊதா மலை ஆய்வகம் 2023 ஜனவரி 9ஆம் திகதியே படமெடுத்து அறிவித்திருந்தது. வேறெவரும் தொடர்ந்து பார்த்து உறுதிசெய்யாததால், உறுதிப்படுத்த வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. பெப்ரவரி 22ஆம் திகதி தென்னாபிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைகாட்டி அதை மீண்டும் கண்டபோதுதான் பழைய பதிவும் உயிர் பெற்றது. அதனால்தான் அதன் பெயர் சூச்சின்ஷான்-அட்லஸ். முந்திய சாட்சியை அழித்துவிடாமல் வைத்திருந்ததால் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

தானியங்கித் தொலைகாட்டிகள் இரவு முழுக்க வானத்தை வாருகின்ற காலத்தில் வெறுங்கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2019 இறுதியிலிருந்து 2020 பெப்ரவரி வரை திருவாதிரை வெள்ளி, அரபியர் யத் அல்-ஜவ்ஸா என்றது, என்றுமில்லாதவாறு மங்கியது. தொலைகாட்டியே தேவையில்லை. பக்கத்து வெள்ளிகளோடு ஒப்பிட்டு ஒளியை மதிப்பிட்டு, நாளோடு அனுப்பிய சாதாரண மக்களின் கணக்குகளும் அந்த மங்கலின் வரைபடத்தில் சேர்ந்தன. மாறும் விண்மீன்களைக் கவனிப்போரின் அமெரிக்கச் சங்கம் 1911 முதல் இப்படிப்பட்ட அவதானங்களை உலகெங்கிலுமிருந்து திரட்டி வருகிறது.

எழுதாமல் போனவை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் புத்தளம் போன நம்மவர்கள் கொண்டுபோனது உடுத்த உடுப்பும் ஒரு பையும்தான். பள்ளிவாசல்களில் இருந்த பழைய புத்தகங்கள், கணக்குக் கொப்பிகள், தோணிக்காரரின் குறிப்புகள் எவ்வளவு அழிந்தன என்று கணக்கெடுக்க முடியாது. தலையில் இருந்த அறிவும் முதியவர்களோடு அந்நிய மண்ணில் மௌத்தாயிற்று. எந்த வெள்ளி எந்த மாதத்தில் எந்தக் கரைக்கு மேல் எழும் என்று சொன்ன தண்டையல், உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசைக்குள் கிடந்து கண்மூடினார்.

2010 ஜனவரி 15, ஒரு வெள்ளிக்கிழமை. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கண சூரிய கிரகணம். அதன் பாதை தனுஷ்கோடிக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மேலாகப் போனது. இந்தப் பகுதியில் பத்து நிமிடமளவு சூரியன் நெருப்பு மோதிரமாக நின்றது, அதுவும் ஜும்ஆ நேரத்தையொட்டி. போர் முடிந்து எட்டு மாதம். வெள்ளாங்குளம் பக்கத்தில் மீள்குடியேற்றம் முடியவில்லை. ஆளில்லாத முற்றங்களுக்கு மேல் அந்த மோதிரம் நின்றுவிட்டுப் போனது. 2019 டிசம்பர் 26 காலையில் இன்னொரு மோதிரம் இதே வானத்தைக் கடந்தபோது பார்க்க ஆட்கள் இருந்தார்கள், கையடக்கத் தொலைபேசியும் இருந்தது. ஆனால் எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் முடிந்தது என்று குறித்துவைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

எனது வேண்டுகோள் சிறியது. நம் கரையோரப் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் 29 மாலையில் பிறை பார்த்தவர்கள், கண்டாலும் காணாவிட்டாலும், நேரம், திசை, மேகம், கூட நின்றவர்கள் என்று நாலு வரி எழுதட்டும். காணவில்லை என்பதும் பதிவுதான். அதே கொப்பியில் கிரகணமும் வால்வெள்ளியும் எரிவெள்ளி மழையும் ஏறட்டும். பிறை பார்க்கக் கூடும் பிள்ளைகளுக்கு நாலு வெள்ளிகளின் பெயரையும் சொல்லிக் கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பத்து வருடம் தொடர்ந்தால், இந்தக் கரையில் எந்த மாதம் பிறை தெரியும், எப்போது மேகம் மறைக்கும் என்பதற்கு ஊகம் தேவைப்படாது. பிறைச் சர்ச்சைகளில் பாதி, கண்டவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதாததால் வருபவை.

நான் என் கொப்பியைத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் வாப்பாவின் வால்வெள்ளியை எழுதியிருக்கிறேன்: 1965, மாரி தொடக்கம். இடம், வெள்ளாங்குளத்துக்கு மேற்கே கடற்கரை வாடி. நேரம், சுபஹுக்கு முன். திசை, கிழக்கு. கண்டவர், வாப்பாவும் வாடியில் இருந்தவர்களும். நாள் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். கேட்டு எழுதியிருக்க வேண்டிய நேரத்தில் நான் கேட்கவில்லை.